பள்ளத்தில் தள்ளிய கல்

போன வாரம் என் போனுக்கு ஒரு படம் வந்தது. மஞ்சள் பெயிண்ட் பளபளக்கும் கிளாம்பு. கத்தரிக்கோல் மாதிரி இரண்டு கை, மேலே மாட்டுவதற்கு ஒரு வளையம். பாரிவாக்கத்தில் புதிதாக எழும்புகிற அடுக்குமாடிக் குடியிருப்பின் சைட் இன்ஜினியர் அனுப்பியிருந்தார். “சார், உங்க குட்டி பொக்லைன்ல இந்த மாதிரி மாட்டிட்டு வர முடியுமா? ஏரிப் பக்கம் தடுப்புச் சுவருக்குக் கல் அடுக்கணும்” என்று கீழே எழுதியிருந்தார். கூடவே ஒரு கைகூப்பும் பொம்மை.

முதலில் அந்தக் கும்பிடைத்தான் சந்தேகப்பட்டேன். வேலைக்குக் கூப்பிடுகிறவர் எதற்குக் கும்பிட வேண்டும்? பிறகு படத்தைப் பெரிதாக்கினேன். கிளாம்பின் கையில் ‘ஒரு டன்’ என்று எழுதியிருந்தது. யார் எழுதினார்கள், எதைத் தூக்கிப் பார்த்துவிட்டு எழுதினார்கள் என்று யோசித்துக்கொண்டே இருந்தவன், போனை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டேன். கிளாம்பு என்ற பொருளைத் தொட்டு எனக்கு ஆறு வருஷமாகிறது. அது உனக்குத் தெரியாமல் இருக்காது. நீ போய் மூன்று வருஷம்தானே ஆகிறது.

உனக்குக் கடிதம் எழுதுவேன் என்று நான் நினைத்ததே இல்லை. நீ உயிரோடு இருந்த கடைசி மூன்று வருஷம் உன்னோடு ஒரு வார்த்தை பேசாதவன் இப்போது பக்கம் பக்கமாக எழுதினால், அதிலும் ஏதோ உள்நோக்கம் இருக்கிறது என்று யாராவது சொல்லலாம். நானே சொல்லியிருப்பேன்.

என் குணம் உனக்குத் தெரியும். தக்காளி வாங்கினால் கூடையின் அடியில் இருப்பதைப் பார்க்காமல் எடுக்க மாட்டேன். பஸ்ஸில் யாராவது எழுந்து இடம் கொடுத்தால், சீட் உடைந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்துத்தான் உட்காருவேன். ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன் நான். எந்தெந்த ஊரிலிருந்தோ தொழிற்சாலை வேலைக்கு வந்த குடும்பங்கள் அடுத்தடுத்த வீடுகளில் இருந்தோம். யார் எப்போது மாற்றலாகிப் போவார்கள் என்று தெரியாது. நெருங்கிப் பழகாதே என்று அப்பா சொல்லிச் சொல்லியே வளர்த்தார். நீ பூந்தமல்லி கரையான்சாவடிக்காரன். பிறந்த தெருவிலேயே வளர்ந்து, கல்யாணம் கட்டி, அங்கேயே வாழ்ந்தவன். பார்த்தவனையெல்லாம் மாமே என்று தோளில் கை போடுவாய். “உன்னாண்ட சாமியே வந்து வரம் குடுத்தாலும் ஆதார் கார்டு காட்டு சாமின்னு கேப்ப மாமே” என்று என்னைக் கிண்டல் செய்வாய்.

ஆனால் நீயும் சந்தேகப்பேர்வழிதான். அதை நான் லேட்டாகத்தான் புரிந்துகொண்டேன். நீ மனிதர்களை நம்பினாய், இரும்பை நம்பவில்லை.

நாம் இரண்டு பேரும் சேர்ந்து அந்த மூன்றரை டன் பொக்லைன் வண்டியை வாங்கியபோது ஊரில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்ய நினைத்தேன். பக்கெட் பல்லில் செயினைச் சுற்றி எதையும் தூக்கிவிடலாம். சாக்கடை ஸ்லாப், கருங்கல், தண்ணீர்த் தொட்டி எல்லாமே அப்படித்தான் பூந்தமல்லி முழுக்க ஊசலாடிக்கொண்டு போகும். நீ மட்டும் விடவில்லை. “பல்லு இன்னாத்துக்கு மாமே வச்சிக்கீறான்? தோண்டறதுக்கு. உன் பல்லுல கயிறு கட்டி யாராச்சும் தண்ணி கொடத்த தூக்க சொன்னா தூக்குவியா?” என்றாய். பக்கெட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மாட்டுகிற கொக்கி ஒன்றை வாங்கும்வரை எந்தத் தூக்கு வேலையையும் எடுக்கவில்லை. வந்த இரண்டு வேலைகள் கைநழுவிப் போயின. எனக்கு அப்போதே உன்மேல் எரிச்சல்.

வேலைக்குப் போன இடத்தில் வண்டியைச் சுற்றிச் சுண்ணாம்புத் தூளால் ஓர் அரை வட்டம் போடுவாய். அதற்குள்தான் தூக்கலாம், வெளியே போனால் இறக்கு என்பாய். “கிட்ட கீறசொல்ல அவன் பயில்வான். கைய நீட்டிட்டான்னா வண்டியே குனிஞ்சி கும்புட்டுரும்.” வட்டத்தை எப்படி அளந்தாய் என்று ஒரு நாள் உனக்குத் தெரியாமல் டேப் வைத்து அளந்து பார்த்தேன். வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருந்ததைவிட ஒரு சாண் உள்ளேயே போட்டிருந்தாய். புத்தகத்தைக்கூட நீ முழுசாக நம்பவில்லை.

கிளாம்பு வாங்கப் போன நாள் ஞாபகம் இருக்கிறதா? ஒரு தடுப்புச் சுவர் வேலை வந்திருந்தது. அதுவும் பாரிவாக்கம் பக்கம்தான். காங்கிரீட் கல், ஒவ்வொன்றும் நானூறு கிலோவுக்குக் குறையாது. அம்பத்தூர் எஸ்டேட்டில் மூர்த்தி அண்ணன் பட்டறைக்கு என்னை அழைத்துக்கொண்டு போனாய். எனக்கு ஆசையெல்லாம் ஹைட்ராலிக் கிராப்மேல். பட்டனை அழுத்தினால் கடிக்கும், சுற்றும், பார்க்க ராட்சசன் கை மாதிரி இருக்கும். நீ அதன் பக்கத்தில் போய் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டாய். “இது இன்னா வெயிட்டுண்ணே?” மூர்த்தி அண்ணன் சொன்னதும் என் பக்கம் திரும்பினாய்.

“கல்லு நானூறு, சரி. இத யாரு தூக்கறது? அதுவும் நம்ப வண்டிதான தூக்கணும்? ரெண்டையும் சேத்து பாரு மாமே.”

உறிஞ்சிப் பிடிக்கிற வாக்குவம் மிஷின் ஒன்றும் இருந்தது. பளபளப்பான கிரானைட்டின்மேல் வைத்துத் தூக்கிக் காட்டினார்கள். நீ போனில் நம் கல்லின் படத்தை எடுத்துக் காட்டி, சொரசொரப்பாக, புழுதியோடு இருப்பதை வாக்குவம் பிடிக்குமா என்று கேட்டாய். பிடிக்காது என்று மூர்த்தி அண்ணனே ஒத்துக்கொண்டார். பெல்ட் போட்டால் கல்லின் விளிம்பு அறுத்துவிடும் என்றாய். செயின் எனக்குச் சரியாகப் பட்டது. அதற்கும் வேண்டாமென்று தலையாட்டினாய். சுவரில் கல்லோடு கல் ஒட்டி உட்கார வேண்டும், அடியில் போன செயினைப் பிறகு எப்படி உருவுவாய் என்று கேட்டாய். கடைசியில் அந்தக் கத்தரிக் கிளாம்பிடம் வந்து நின்றோம். கல்லின் முன்னும் பின்னும் பிடிக்கும், தூக்கத் தூக்கக் கல்லின் பாரமே பிடியை இறுக்கும். நீ உள்பக்கம் கையை விட்டு ரப்பர் பட்டையை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தாய்.

“இதாம் மாமே வேல செய்யறது. மிச்சதெல்லாம் சும்மா இரும்பு.”

அப்போது மூர்த்தி அண்ணன் உன்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். நான் வெளியே ஆயில் பேரல்மேல் உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிஷம் கழித்துச் சிரித்துக்கொண்டே வந்தாய். என்ன பேச்சு என்று கேட்டேன். டீ குடித்தோம் என்றாய். ஒரு டீக்குப் பத்து நிமிஷமா? அந்த ஆள் உனக்கு ஏற்கெனவே பழக்கம். விற்காமல் கிடந்த கிளாம்பை நம் தலையில் கட்டுகிறார்கள், நீ அதற்கு உடந்தை என்று வழி முழுக்க எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. பைக்கில் பின்னால் உட்கார்ந்துகொண்டு உன் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

இருந்தாலும் கிளாம்பு நன்றாகத்தான் வேலை செய்தது. இரண்டு மாதம் ஒரு கல்கூட நழுவவில்லை. அதை வெளியில் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஆயுத பூஜை வந்தது. நீ வசந்தாவோடு மாமியார் வீட்டுக்குச் செங்குன்றம் போயிருந்தாய். நான்தான் வண்டியைக் கழுவினேன். கரையான்சாவடி ஹார்டுவேர் கடையில் எனாமல் பெயிண்ட் இரண்டு டப்பா வாங்கிவந்தேன். கிளாம்புக்கு வெளியே மஞ்சள். உள்வாய்க்குச் சிவப்பு. திறந்தால் புலி வாயைத் திறந்த மாதிரி இருக்கும் என்று எனக்கே ஒரு குஷி. சந்து பொந்து விடாமல் இரண்டு கோட் அடித்தேன். சந்தனம், குங்குமம், ஆளுயர மாலை, சக்கரப் பட்டைக்கு அடியில் எலுமிச்சம்பழம், நடுரோட்டில் பூசணிக்காய் எல்லாம் முறைப்படி நடந்தது. மறுநாள் நீ வந்து பார்த்தபோது கிளாம்பு வாயை மூடிக்கொண்டு மாலையோடு தொங்கிக்கொண்டிருந்தது. “கல்யாணப் பொண்ணு மாரி கீது மாமே” என்றாய்.

அடுத்த நாள் வேலைக்குப் போனோம். ராத்திரி தூறியிருந்தது, கல்லெல்லாம் ஈரம். நான் வண்டியில், நீ கீழே. முதல் கல்லைக் கிளாம்பால் கவ்வி முழங்கால் உயரம் தூக்கினேன். கல் கொஞ்சம் கோணலாகத் திரும்பியது. வழக்கமாக அதற்கென்று ஒரு கயிறு கட்டித் தூர நின்று இழுப்பாய். அன்றைக்குக் கயிறு டிபன் பையோடு தூரத்தில் கிடந்தது. நான்தான், “கையால கொஞ்சம் திருப்பி விடுடா” என்று கத்தினேன். நீ கிட்டப் போய்க் கையை வைத்தாய். கல் சத்தமே இல்லாமல் வழுக்கி இறங்கியது. உன் இடது பாதத்தின் மேல்.

நீ அலறவில்லை. “மாமே, வண்டிய ஆஃப் பண்ணு” என்று மட்டும் சொன்னாய். நான் குதித்து ஓடிவந்தேன். அங்கிருந்த ஆட்கள் கடப்பாரை போட்டு நெம்பிக் காலை எடுத்தார்கள். கல்லின் பக்கவாட்டில் சிவப்புச் சிவப்பாக இழுத்திருந்தது. ரத்தம் என்று நினைத்தேன். அதற்குமேல் அந்தப் பக்கம் பார்க்க எனக்குத் தைரியமில்லை. ஆட்டோ பிடிக்க ரோட்டுக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது அந்த ஆட்கள் கல்லை அஸ்திவாரப் பள்ளத்துக்குள் நெம்பித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நீ தரையில் உட்கார்ந்தபடி, காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “தள்ளு, நல்லா உள்ள தள்ளு” என்று சொல்லிக்கொண்டிருந்தாய்.

பாதம் நசுங்கிப்போனவன் கல்லைப் பற்றி ஏன் கவலைப்படுகிறான்? ஆட்டோவில் உன் தலை என் தோளில் சாய்ந்திருந்தபோதே இந்தக் கேள்வி எனக்குள் வந்துவிட்டது. உன்னிடம் இதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். சாயங்காலம் நான் சைட்டுக்குத் திரும்பி வந்தேன். கிளாம்பைக் காணோம். மூர்த்தி பட்டறை வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போனதாக வாட்ச்மேன் சொன்னார். ஆஸ்பத்திரிக்குத் திரும்பப் போய் உன்னைக் கேட்டேன்.

“கிளாம்பு எங்கடா?”

“பட்டறைக்கு அனுப்ச்சிட்டேன் மாமே.”

“இங்க படுத்துக்கிட்டா?”

“படுத்துகினா இன்னா, போனு கீதுல்ல?”

ஒரு வாரம் கழித்து கிளாம்பு வந்தது. உள்ளே இரண்டு ரப்பர் பட்டையும் புதுசு, கறுப்பாக, சொரசொரப்பாக. பழைய பட்டை தேய்ந்துவிட்டதாம், அதனால்தான் கல் வழுக்கியதாம், நீ சொன்னாய். இரண்டே மாதத்தில் தேய்கிற ரப்பரா? எனக்குக் கணக்குச் சரியாகிவிட்டது. உன் ஆள் பழைய சரக்கைப் புதுசு என்று தள்ளியிருக்கிறான். உனக்கு அது தெரியும். கல்லைப் பள்ளத்தில் தள்ளினதும், கிளாம்பை ஓசைப்படாமல் அனுப்பினதும் அதை மறைக்கத்தான். உன் வீட்டுக்கு வந்து, கட்டுப்போட்ட கால் ஸ்டூல்மேல் இருக்கும்போதே, வசந்தா பக்கத்தில் நிற்கும்போதே இதைச் சொன்னேன். வசந்தா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நீ கையைக் காட்டி நிறுத்தினாய்.

“ஆமா மாமே, கிளாம்புதான் கோளாறு. நான்தான் பாத்து வாங்கினேன். தப்பு என்னுதுதான்.”

நீ சண்டை போட்டிருந்தால் நான் நம்பியிருப்பேன். என் சட்டையைப் பிடித்திருந்தால்கூட நம்பியிருப்பேன். இவ்வளவு சுலபமாகத் தப்பை ஒத்துக்கொள்கிறவனை நான் எப்படி நம்புவது? அந்த வாரமே நாம் பிரிந்தோம். வண்டி என்னிடம் நின்றது; கிளாம்பு வேண்டாமென்று விட்டுவிட்டேன். மூன்று மாதம் கழித்து நீ மூர்த்தி பட்டறையிலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டாய் என்று கேள்விப்பட்டேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், சந்தோஷம்தான். நான் நினைத்தது சரியாகப் போயிற்றே என்ற சந்தோஷம். விரல் போன காலோடு சைட்டில் நிற்க முடியாதவன் வேறு எங்கே போவான் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு நாள் ஆவடி ஸ்டேஷன் படிக்கட்டில் எதிரே வந்தாய். என்னைப் பார்த்ததும் உன் நொண்டல் அதிகமான மாதிரி எனக்குப் பட்டது. வேண்டுமென்றே செய்கிறான் என்று நினைத்தேன். “மாமே” என்றாய். நான் அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனேன். உன் குரலை நான் கடைசியாகக் கேட்டது அன்றைக்குத்தான். பிறகு மாரடைப்பு. சாவுக்கு வந்தேன், மாலை போட்டேன். வசந்தா என் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டாள். அதையும் நான் குற்றமுள்ள நெஞ்சு என்றுதான் எடுத்துக்கொண்டேன். எந்த நெஞ்சு என்று மட்டும் யோசிக்கவில்லை.

இன்ஜினியர் அனுப்பிய படத்துக்கு இரண்டு நாள் பதில் போடாமல் இருந்தேன். மூன்றாம் நாள் நான்கு கடை ஏறி இறங்கினேன். ஒரு கடையில் ‘ஒரு டன்’ ஸ்டிக்கர் தனியாக ஒரு கட்டு இருந்தது, எதில் வேண்டுமானாலும் ஒட்டிக் கொடுப்பார்கள். இன்னொரு கடையில் கொக்கியில் இருந்த கீறலைப் பெயிண்டால் மூடியிருந்தார்கள். எங்கே சுற்றினாலும் எடை இரும்பிலேயே அடித்திருப்பது மூர்த்தி பட்டறைச் சரக்கில் மட்டும்தான். வேறு வழியில்லாமல் போனேன். அவர் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று திட்டம்.

கவுண்ட்டரில் ஒரு பெண் இருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். என்னை யாரென்று அவளுக்குத் தெரியாது. கல் தூக்கக் கிளாம்பு வேண்டும் என்றேன்.

“கல்லு என்ன வெயிட்டு சார்? வண்டி எத்தனை டன்? எவ்ளோ தூரம் கை நீட்டி வைக்கணும்? கிளாம்போட வெயிட்டையும் சேர்த்துத்தான் சார் பார்க்கணும், நிறைய பேர் அதை விட்டுடுவாங்க.”

அவள் கேட்டது எல்லாம் உன் கேள்விகள்.

“இதெல்லாம் யாரும்மா சொல்லிக் கொடுத்தது?”

“இங்க ஒரு அண்ணா இருந்தாரு சார், இப்ப இல்ல. அவரு எழுதி வச்ச லிஸ்ட்டுதான். வாங்க, இன்னொண்ணும் காட்டணும். கிளாம்பு வாங்கற எல்லாருக்கும் காட்டணும்னு சொல்லியிருக்காரு.”

சுவரில் ஆணியடித்துக் கம்பியில் இரண்டு ரப்பர் பட்டைகள் தொங்கின. இரண்டிலும் சிவப்பு எனாமல். பாதி உரிந்திருந்தது, மீதி கண்ணாடி மாதிரி வழவழப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது.

“ஆயுத பூஜைக்கு பெயிண்ட் அடிப்பீங்க இல்ல சார்? வெளியே எவ்ளோ வேணா அடிங்க. உள்ள ரப்பர்ல மட்டும் அடிக்காதீங்க. காங்கிரீட்டைப் பிடிக்கறது அந்தச் சொரசொரப்புதான். பெயிண்ட் பட்டா, அதுவும் ஈரக் கல்லா இருந்தா, சோப்பு மாதிரி வழுக்கிடும். அண்ணாவுக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் ஆசையா அடிச்சாராம். ஒருத்தர் கால் போயிடுச்சாம்.”

“யாரு அடிச்சதுன்னு சொன்னாரா?”

“கேட்டிருக்கேன் சார். பேரு மறந்துபோச்சும்மாம்பாரு.”

கல்லில் நான் பார்த்தது ரத்தமில்லை. உட்கார இடம் தேடினேன். அதே ஆயில் பேரல் இல்லை, பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். அதில் உட்கார்ந்து அழுதேன். அந்தப் பெண் பயந்துபோய் உள்ளே ஓடி மூர்த்தி அண்ணனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர் என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது அவருக்கு.

“ஏண்ணே, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?” என்றேன்.

“அவன் சத்தியம் வாங்கிட்டான்ப்பா. ஆஸ்பத்திரிலேந்து போன் பண்ணி, மொத அந்த கிளாம்ப அங்கேந்து எடுத்துனு வந்துரு, அவன் உள்ள பாக்கறதுக்குள்ளன்னான். அவனுக்கு தெரிஞ்சா இனிமே வண்டி லிவர தொட மாட்டான், வேற வேலயும் அவனுக்கு தெரியாது, என் காலுதான் போச்சி, அவன் கையாச்சும் இருக்கட்டும்னான்.” நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டார். “அப்டியே சொல்லியிருந்தாலும் நீ நம்பியிருப்பியா? பெயிண்ட்ட நாங்களே பூசிட்டு உம் மேல பழி போடறோம்னுதான சொல்லியிருப்ப?”

சொல்லியிருப்பேன். அதில் சந்தேகமே இல்லை.

அன்று நீங்கள் இருவரும் உள்ளே பத்து நிமிஷம் என்ன பேசினீர்கள் என்று அவரைக் கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. டீதான் குடித்திருப்பீர்கள்.

கிளாம்பை எடுத்துக்கொண்டேன். கறுப்பு ரப்பர், இரும்பிலேயே அடித்த எடை, தூர நின்று திருப்பக் கயிறு. இன்ஜினியருக்குச் சரி என்று பதில் அனுப்பினேன். வேலை திங்கட்கிழமை ஆரம்பம். இனி எந்த வேலைக்குப் போனாலும் முதலில் நான் சந்தேகப்படப் போவது என் கையைத்தான். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது இது. இருபது வருஷம் பக்கத்தில் இருந்தும் பொருளைச் சந்தேகப்படுவதற்கும் ஆளைச் சந்தேகப்படுவதற்கும் உள்ள வித்தியாசத்தை உன்னிடம் பார்க்காமலே இருந்திருக்கிறேன்.

நேற்றுக் காலை கரையான்சாவடிக்குப் போனேன். உன் வீட்டு கிரில் கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிட்டேன். வசந்தா வந்தாள். கேட்டைத் திறக்கவில்லை. நானும் திறக்கச் சொல்லவில்லை. நின்ற இடத்திலேயே சொன்னேன். ரப்பரில் பெயிண்ட் அடித்தது நான், கையால் திருப்பு என்று கத்தினதும் நான், அவன் கால் போனது என்னால்தான் என்று சொன்னேன். சொல்லும்போது அவள் முகத்தில் எதுவும் மாறவில்லை.

“இத சொல்றதுக்கு ஆறு வருசமா உங்களுக்கு?” என்றாள். முன்பெல்லாம் அண்ணா போடாமல் என்னிடம் பேச மாட்டாள்.

“எனக்கே மூணு நாள் முன்னாடிதான்மா தெரியும்.”

“உங்க கையால பெயிண்ட் அடிச்சீங்க. உங்க கண்ணு முன்னாலதான கல்லு வழுக்குச்சி? உங்களுக்கு தெரியாதா?”

அவள் கேட்டதில் தப்பே இல்லை.

“நீங்க சொல்றததான் அவரும் சொல்வாரு. அவனுக்கு தெரியாது வசந்தா, தெரிஞ்சிருந்தா அவன் இப்டி இருக்க மாட்டான்னு. நான் நம்பவே இல்ல. தெரிஞ்சிகினேதான் மூஞ்சிய திருப்பிகினு போறாரு, மாலயும் கையுமா சாவுக்குதான் வருவாருன்னு சொன்னேன். அப்டியேதான் வந்தீங்க. இதுக்காகவே எங்களுக்குள்ள எத்தினி சண்ட தெரியுமா? கடேசி வரைக்கும் அவரு மாத்தி பேசல.”

கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“மெய்யாலுமே தெரியாதா?”

“சத்தியமா தெரியாதும்மா.”

“சரி” என்றாள்.

அந்தச் ‘சரி’ எனக்குத் தெரியும். கட்டுப்போட்ட காலோடு நீ சொன்னதற்கெல்லாம் நான் அப்படித்தான் சரி போட்டேன். கண் வேறு ஏதோ தேடிக்கொண்டிருக்கும், வாய் மட்டும் சரி என்று சொல்லும். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் கேட்டுக்கு வெளியே அப்படியே நின்றேன். எனக்குத் தெரியாது என்பதற்கு உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் சாட்சி சொன்னான், அது நீ.